மைப்படிக்கு ஒரு நீதி, குறுவட்டுக்கு ஒரு நீதியா?

சென்னையிலிருந்து சூளூர்ப்பேட்டை செல்லும் புறநகர் ரயிலில் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் ஆகியவற்றைக் கடந்ததும் வருவது தடா. ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் இடையில் மாநில எல்லை இருக்கிறது. மக்களின் பேச்சில் அப்படியொரு கோடு கிடையாது. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது; பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. வரைபடம் மாறியதே தவிர, சந்தையிலும் வலை உலர்த்தும் கரையிலும் தமிழும் தெலுங்கும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வருவது நிற்கவில்லை. தடாவுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரிக்கு அப்பால், ஏவுதளத்துக்காக யானாதி மக்கள் இடம்பெயர்க்கப்பட்ட ஸ்ரீஹரிகோட்டா. மேற்கே, வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் இருந்த இடத்தில் 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரம். ஒரு மொழியியல் மாணவருக்கு இதைவிடச் செறிவான களம் எளிதில் அமையாது. இங்குள்ள பேச்சு மாறிக்கொண்டிருக்கும் வேகமும் அதற்கேற்பவே இருக்கிறது.

பழவேற்காட்டு மீனவரிடையே ‘பாடு’ என்றொரு சொல் வழங்குகிறது. ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த முறையில் வலை விரிப்பது என்பதை ஊர் கூடிப் பங்கிடும் ஏற்பாட்டின் பெயர் அது. அகராதியில் ‘பாடு’ என்பதற்குப் பல பொருள்கள் கிடைக்கும். ஆனால் எல்லைக் கரையில் வாழும் முதியவர் ஒருவர் அந்தச் சொல்லைத் தமிழ் வாக்கியத்தில் எப்படி ஒலித்தார், அதே நாளில் தெலுங்கு வாக்கியத்தில் எப்படி ஒலித்தார், உயிரொலி எங்கே நீண்டது என்பன அகராதியில் இரா. அவை ஒலிப்பதிவில் மட்டுமே இருக்கும். பதிவு ஒரு குறுவட்டில் இருக்கிறது. குறுவட்டு ஆய்வேட்டின் பின்னட்டையில் ஒட்டிய காகித உறையில் இருக்கிறது. ஆய்வேடு துறையின் அலமாரியில் இருக்கிறது. அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது வேறு கதை.

2000க்குப் பிந்தைய பத்து, பதினைந்து ஆண்டுகளில் இந்தியப் பல்கலைக்கழகங்களில் நடந்த கள ஆய்வுகளில் பலவற்றின் நிலை இதுவே. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைக்குப் பின் ஆய்வேடுகள் மின்வடிவில் கேட்கப்பட்டன, சோத்கங்கா வளர்ந்தது, நல்லதே நடந்தது. ஆனால் சோத்கங்காவில் ஏறுவது பெரும்பாலும் பிடிஎஃப் மட்டுமே. பின்னட்டை உறைக்குள் இருக்கும் வட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆய்வாளர் கேட்டு எழுதிய எழுத்துப்பெயர்ப்பு உலகம் முழுவதும் கிடைக்கிறது. அவர் எதைக் கேட்டார் என்பது கிடைக்கவில்லை. சான்றைக் கைவிட்டுவிட்டு முடிவை மட்டும் பாதுகாக்கும் துறையை அறிவியல் என்று அழைப்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

இதைச் சுட்டும்போதெல்லாம் வரும் பதில் ஒன்றுதான்: “பேக்கப் எடுத்திருக்கிறோம்.” என்ன பேக்கப் என்று கேட்டால், வட்டைக் கணினியில் செருகி, கண்ணில் பட்ட கோப்புகளைச் சுட்டியால் இழுத்து ஒரு வன்வட்டில் போட்டிருப்பதாகத் தெரியவரும். அது காப்புப் பிரதி ஆகாது. ஏன் ஆகாது என்பதைத் தமிழ்க் கல்வியுலகுக்கு விளக்கக் கணினியியலிலிருந்து உவமை தேட வேண்டியதில்லை, கல்வெட்டியலே போதும்.

கல்வெட்டறிஞர் கல்லின் முன் நின்று வாசித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்பிவிடுவதில்லை. கல்லைத் துலக்கி, ஈரத் தாளைப் பரப்பி, தூரிகையால் அடித்துப் பதிய வைத்து, மேலே மை ஒற்றி, மைப்படி எடுக்கிறார். எழுத்தோடு கல்லின் வெடிப்பும் பொரிவும் உளி தவறிய இடமும் தாளில் பதிகின்றன. வாசிப்பு அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஐம்பது ஆண்டு கழித்து இன்னொருவர் அதே மைப்படியை எடுத்து, முன்னவர் தவறாகப் படித்த சொல்லைத் திருத்த முடிகிறது. திருப்பணி என்ற பெயரில் கல்லே பெயர்க்கப்பட்டுவிட்டாலும் மைப்படி சாட்சி சொல்கிறது. அதனால்தான் மைசூருவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளுக்காக இவ்வளவு பேர் குரல் எழுப்பினர், வழக்கு நடந்தது, 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்கு மாற்ற உத்தரவிட்டது. அன்று அந்த உத்தரவைப் பகிர்ந்து கொண்டாடியவர்களில் எத்தனை பேர் தம் துறை அலமாரியில் உள்ள வட்டுகளுக்கு ஒரு மைப்படி எடுத்திருப்பார்கள்?

வட்டுப் படிமம் என்பது அந்த மைப்படியேதான். வட்டில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்காமல், முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை வரிசை மாறாமல் ஒரே கோப்பாக எடுத்துவைப்பது. அதைச் செய்யும் ‘டிடி’ என்ற கட்டளை யூனிக்ஸில் 1970களிலிருந்து இருக்கிறது. இன்றைய லினக்ஸிலும் மேக்கிலும் காசின்றிக் கிடைக்கிறது. எங்கிருந்து வாசிப்பது, எங்கே எழுதுவது, ஒரு தடவைக்கு எத்தனை பைட் எடுப்பது: இந்த மூன்றையும் சொன்னால் போதும். தரவுக் குறுவட்டின் ஒரு துண்டம் 2048 பைட் என்பதால் அந்த எண்ணையோ அதன் மடங்கையோ கொடுப்பது வழக்கம். வெளிவருவதை அப்படியே ஒரு குழாய் வழியாக ‘ஜிஸிப்’ என்ற சுருக்கும் கட்டளைக்குள் செலுத்தினால், படிமம் பிறக்கும்போதே சுருங்கிப் பிறக்கும். இறுதியில் ‘ஷா-256’ முறையில் ஒரு சரிபார்ப்பெண். முழு வேலையும் முனையத்தில் இரண்டு வரி. (வன்வட்டுக்கு இதைச் செய்பவர் வாசிக்கும் இடத்தையும் எழுதும் இடத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் மூலமே அழிந்துவிடும். ‘டிடி’யின் விரிவு ‘டிஸ்க் டெஸ்ட்ராயர்’ என்று கணினியர் கேலி பேசுவது அதனால்தான். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய குறுவட்டில் அந்த ஆபத்து இல்லை.)

இழுத்துப் போடும் முறையில் தொலைவது என்ன என்று பார்த்தால் முதலில் வருவது எழுத்துரு. தமிழ்நாட்டு அரசு 1999இல் டாம், டாப் குறியாக்கங்களை அறிவித்தது. இணையத்தில் டிஸ்கி பரவியிருந்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பாமினி. யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருந்தும் கள ஆய்வாளர் பலர் அதற்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. அக்காலத்து வட்டு ஒன்றில் எழுத்துப்பெயர்ப்பு ஒரு கோப்புறையிலும், அதை வாசிக்கத் தேவையான எழுத்துரு இன்னொரு கோப்புறையிலும் இருக்கும். “கட்டுரைகளை மட்டும் எடுத்தால் போதும்” என்று நினைத்தவர் கையில் எஞ்சுவது பொருளற்ற ரோமன் குறிகளின் குவியல். மொழியியலாளர் தாமே உருவாக்கிக்கொண்ட ஒலிக்குறி எழுத்துரு என்றால் நிலைமை இன்னும் மோசம். அது உலகில் வேறெங்கும் இராது. படிமத்தில் எழுத்துருவும் கோப்பும் பிரிவதில்லை.

அடுத்தது அமர்வுகள். ஒரே குறுவட்டில் பல முறை எழுதுவது அன்று வழக்கம். வட்டின் விலை அப்படி. மார்ச்சில் ஒரு எழுத்துப்பெயர்ப்பு, ஜூனில் மேற்பார்வையாளர் சொன்னபடி திருத்திய எழுத்துப்பெயர்ப்பு, இரண்டுக்கும் ஒரே கோப்புப் பெயர். கணினி காட்டுவது கடைசி அமர்வை மட்டுமே. முந்தியது வட்டில் பௌதிகமாக இன்னும் இருக்கிறது. வட்டு முழுவதையும் வாசிக்கும்போது அதை மீட்க வழி உண்டு. தடாப் பேச்சில் ஒரு ‘ழ’கரம் முதல் வடிவில் ‘ய’கரமாகவும் திருத்திய வடிவில் ‘ழ’கரமாகவும் எழுதப்பட்டிருந்தால், திருத்தியது காதா, கருத்தா என்ற கேள்வி எழும். பாடவேறுபாட்டுக்காக ஒரு செய்யுளின் பத்துச் சுவடிகளை ஒப்பிடும் மரபில் வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி அற்பமாகத் தோன்றக் கூடாது.

இவற்றையெல்லாம்விடப் பெரியது சிதைவு. எழுதத்தக்க குறுவட்டில் தரவு தங்குவது ஒரு சாயப் படலத்தில். வெப்பமும் வெளிச்சமும் அதை மங்கச் செய்யும். பெயர் எழுதும் மேற்பக்கத்தில் விழும் கீறல் அடிப்பக்கக் கீறலைவிட ஆபத்தானது. சிதைந்த வட்டிலிருந்து இழுத்துப் போட முயன்றால், பாதியில் பிழைச் செய்தி வரும். ‘தவிர்’ என்ற பொத்தானை அழுத்துவார்கள். ஒரு மணி நேர நேர்காணல் தவிர்க்கப்பட்டுவிடும். சிதைந்தது பத்து நொடியாக இருக்கலாம். இங்கே ‘டிடி’யும் போதாது; பிழை கண்ட இடத்தில் அதுவும் நின்றுவிடும் இயல்புடையது. அன்டோனியோ டியாஸ் டியாஸ் உருவாக்கிய ‘டிடிரெஸ்க்யூ’ என்ற கட்டளை வேண்டும். அது வாசிக்க முடிந்ததையெல்லாம் முதலில் வாசித்துக்கொண்டு, முடியாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்து, பின்னர் அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பச் செல்கிறது. வேறொரு வாசிப்புக் கருவியில் வட்டைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரவும் விடுகிறது. கடைசிவரை கிடைக்காத துண்டங்கள் எவை என்பது அந்தக் கோப்பில் எழுத்தில் நிற்கும். கல்வெட்டுப் பதிப்பில் சிதைந்த எழுத்துகளுக்குப் புள்ளியிட்டுக் காட்டும் நேர்மைதான் இதுவும்.

சுருக்கம் பற்றியும் கண்மூடிப் பேசக் கூடாது. ‘ஜிஸிப்’ எதையும் இழக்காமல் சுருக்கும். விரித்தால் பழைய பைட்டுகள் அப்படியே திரும்பும். எம்பி3 அப்படிப்பட்டதன்று. மனிதச் செவி கவனிக்காது என்று தான் கருதுவதை அது எறிந்துவிடுகிறது. ‘ழ’, ‘ள’, ‘ல’ மூன்றையும் பிரித்தறிய அலைநிறமாலையில் மூன்றாம் ஒத்திசைவு அலையின் இறக்கத்தை அளக்க முனைபவருக்கு, எதை எறிவது என்ற முடிவை ஒரு மென்பொருளிடம் விட்டது பிழை என்று அப்போதுதான் உறைக்கும். இன்னொன்று: எம்பி3, ஜேபெக் போன்று ஏற்கெனவே சுருங்கியவற்றைத் திரும்பச் சுருக்குவதில் பயன் ஏதும் இராது. வேவ் வடிவ ஒலிக்கு ‘ஜிஸிப்’ கொஞ்சம் உதவும். ஒலிக்கென்றே அமைந்த இழப்பற்ற ‘ஃபிளாக்’ ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும். அத்துடன், சுருக்கிய கோப்பில் ஓரிடத்தில் பழுது நேர்ந்தால் அதற்குப் பின்னுள்ள பகுதியெல்லாம் விரிக்க முடியாமல் போகலாம். சுருக்காத படிமத்தில் அந்தத் துண்டம் மட்டுமே போகும். ஆகவே சுருக்குபவர் சரிபார்ப்பெண்ணும் வேறு ஊரில் இரண்டாம் படியும் வைத்தே ஆக வேண்டும். எந்தச் சுருக்க வடிவம் என்பதிலும் புதுமை மோகம் உதவாது. ‘எக்ஸ்ஸெட்’ அதிகம் சுருக்குகிறது என்பார்கள். அதன் மூலநிரலுக்குள் யாரோ ஒருவர் புனைபெயரில் நுழைந்து நம்பிக்கையைச் சம்பாதித்துப் பின்கதவு வைத்ததை 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அதற்காக அந்த வடிவத்தையே ஒதுக்க வேண்டியதில்லை. காப்பகத்துக்கு, 1992 முதல் எங்கும் விரிக்க முடிகிற ‘ஜிஸிப்’பின் சலிப்பூட்டும் நம்பகம் மேல்.

படிமம் எடுக்கும் வசதி பொத்தான் வடிவிலும் கிடைக்கிறதே, கட்டளை வரியின் மீது ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொத்தானை அழுத்தியதை மேற்கோள் காட்ட முடியாது. கட்டளையை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு வரியாக அச்சிட முடியும். அதனடியில் 64 குறிகள் கொண்ட சரிபார்ப்பெண்ணையும் அச்சிட முடியும். தேர்வாளரோ இருபது ஆண்டு கழித்து வரும் மாணவரோ அதே வரியைத் தட்டி, அதே எண் வருகிறதா என்று பார்க்கலாம். வந்தால், கையில் இருப்பது அன்று இருந்ததே. பதிப்பின் பெயர், ஆண்டு, பக்க எண் இல்லாத மேற்கோளுக்கு மதிப்பெண் குறைக்கும் துறைகள், மூலத் தரவு அன்று இருந்ததுதானா என்பதைக் காட்ட எதையும் கேட்பதில்லை.

“அது கணினித் துறையின் வேலை” என்பது அடுத்த தடுப்பு. மொழியியலாளர் ஒலியை ஆராய்பவராம்; கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது தொழில்நுட்பரின் பணியாம். மூளையால் உழைப்பவர் கையைக் கறைப்படுத்திக்கொள்ளக் கூடாது என்ற பழைய மனப்பான்மைதான் இங்கே புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. கல்வெட்டியல் மாணவருக்கு மைப்படி எடுக்கக் கற்றுத்தருகிறார்கள்; மை படாமல் கல்வெட்டறிஞர் ஆனவர் இல்லை. எந்த வட்டு ஒலிக் குறுவட்டு, எது தரவுக் குறுவட்டு என்று பார்த்துச் சொல்ல வேண்டியவரும் ஆய்வாளரே. பாட்டுக் கேட்கும் கருவியில் ஓடும்படி எழுதிய ஒலிக் குறுவட்டில் கோப்பமைப்பே கிடையாது. அதற்கு ‘டிடி’ பயன்படாது, ‘சிடிபாரனோயா’ போன்ற வேறு கட்டளை வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் “வட்டு காலி” என்று குப்பையில் போடுவது எளிது.

மேகச் சேமிப்பை நம்புவோருக்கு இரண்டு செய்திகள் போதும். கல்வி நிறுவனங்களுக்கு அளித்துவந்த வரம்பற்ற இடத்தை கூகுள் 2022இல் நிறுத்தியது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியது. பட்டம் பெற்றதும் மாணவரின் நிறுவன மின்னஞ்சல் மூடப்படுவது இதற்குமேல். மேகத்தில் ஒரு படி இருப்பது நல்லது. மேகத்தில் மட்டும் இருப்பது வாடகை வீட்டில் குலதெய்வத்தை வைப்பது போல.

எதிர்வாதங்களில் உண்மையிலேயே கனமானது ஒன்று உண்டு. அதை எழுப்புபவர்கள் குறைவு. படிமம் எதையும் விடுவதில்லை. அதுவே அதன் வலிமை, அதுவே அதன் ஆபத்தும். இடம்பெயர்க்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண் பேச்சுவாக்கில் ஓர் அதிகாரியையோ உறவினரையோ பற்றி ஏதோ சொல்லிவிட்டு, “அதை எடுத்துடுங்கம்மா” என்று மறுநாள் கேட்டுக்கொள்கிறார் எனக் கொள்வோம். ஆய்வாளரும் அடுத்த அமர்வில் அந்தக் கோப்பை நீக்கிவிடுகிறார். பட்டியலில் அது இல்லை. வட்டில் இருக்கிறது. படிமம் எடுத்தவர், கொடுத்த வாக்கைத் தம்மையறியாமல் மீறிவிடுகிறார். மைப்படியில் இந்தச் சிக்கல் இல்லை. அரசன் வெட்டுவித்த கல் ஊரறியச் சொல்லப்பட்டது, பழவேற்காட்டுக் கரையில் ஒருவர் நம்பிச் சொன்னது அப்படிப்பட்டதன்று.

ஆனால் இந்த வாதம் படிமம் எடுக்காமல் இருப்பதற்கு ஆதரவாகாது. படிமம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தப் பதிவு அலமாரியில், பூட்டின்றி, யார் கையிலும் சிக்கும்படி இருக்கவே செய்கிறது. அங்கே இருக்கிறது என்பதை அறிந்தவர் மட்டுமே வாக்கைக் காப்பாற்ற முடியும். முழுப் படிமத்தை மறையாக்கம் செய்து மூடி வைக்கலாம். அதிலிருந்து பேசியவர் ஒப்பிய பகுதிகளை மட்டும் பிரித்து ஆய்வுப் படி உருவாக்கலாம். அவர் முற்றாக அழிக்கச் சொல்லியிருந்தால் வட்டையும் படிமத்தையும் அழித்து, அழித்த நாளைக் குறித்துவைக்கலாம். ஒப்புதல் படிவத்தில் இதற்கென ஒரு வரி இருக்க வேண்டும். இன்றுள்ள படிவங்கள் பல, ‘ஆய்வு நோக்கத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் பேசியவரின் ஆயுளையே வாங்கிக்கொள்கின்றன.

செலவைக் கணக்கிட்டாலும் தயங்கக் காரணமில்லை. ஒரு குறுவட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 700 மெகாபைட். நூறு வட்டுகள் சேர்ந்தாலும் 70 ஜிகாபைட். சட்டைப்பையில் போடும் பென்டிரைவில் அடங்கும். சிதையாத வட்டு ஒன்றைப் படிமமாக்கச் சில நிமிடங்கள் ஆகும். சிதைந்தது ஓர் இரவு முழுவதும் ஓடலாம், பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. தடை பணத்தில் இல்லை, கருவியில் வரப்போகிறது. புதிய மடிக்கணினிகளில் குறுவட்டு வாசிப்பானே வருவதில்லை. துறை அலுவலகத்தில் தூசி படிந்து கிடக்கும் பழைய மேசைக் கணினி அடுத்த ஏலத்தில் போய்விட்டால், வாசிப்பானைத் தனியாக வாங்கி வர வேண்டும். அதற்குள் கேட்பாரற்ற வட்டுகளும் அதே ஏலத்தில் போயிருக்கும்.

பிஎச்.டி. விதிமுறையில் சேர்க்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. களத் தரவு அடங்கிய ஊடகம் எதுவாயினும் அதன் படிமம், வரைபடக் கோப்பு, சரிபார்ப்பெண், ஒப்புதலின் எல்லை ஆகிய நான்கும் ஆய்வேட்டுடன் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒரு படி நூலகத்தில், ஒரு படி வேறோர் ஊரில். முன்பே ஒப்படைக்கப்பட்டவற்றுக்கு, துறைக்கு இரண்டு மாணவர்கள், ஒரு கோடை விடுமுறை. அலமாரியைத் திறந்ததும் முதலில் எடுக்க வேண்டியவை எல்லை ஊர்களின் வட்டுகள். தடா, ஆரம்பாக்கம், சத்தியவேடு என்று மேலுறையில் பேனாவால் எழுதியிருக்கும். வட்டின் மேலேயே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தால் அவற்றுக்கு நேரே ‘டிடிரெஸ்க்யூ’.